குறை ஆக்சிஜன் சுடரில் மாடல் ஒப்பீடு: முதலில் பூட்ட வேண்டியது இன்லெட்

கணினியில் ஒரு சுடரைக் கணிக்கிறோம்: ஒரே சுடர், ஒரே மெஷ் (இடத்தைச் சிறு செல்களாகப் பிரித்த வலை), நான்கு எரிதல் மாடல். வருவதோ நான்கு விதமான வெப்பநிலைப் படம். அளவீட்டுப் புள்ளிகளை ஒட்டி எந்தக் கோடு போகிறதோ அந்த மாடல் நல்லது என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். குறைந்த ஆக்சிஜனில், கொந்தளிப்பான ஓட்டத்தில் எரியும் சுடர்களில் இந்த வழக்கம் ஆளை ஏமாற்றும். அதே மாடல்களை இன்னொருவர் வேறு இன்லெட் மதிப்புகளோடு, அதாவது வாயு உள்ளே வரும் வாசலில் கொடுக்கும் மதிப்புகளோடு, ஓட்டினால் தரவரிசையே மாறிவிடலாம். ஏன் மாறுகிறது, எதையெல்லாம் பூட்டிய பிறகு மாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம் என்பதை ஒரு குறிப்பிட்ட சுடரை வைத்தே பார்ப்போம்.

துறைக்குப் புதியவர்களுக்காக இரண்டு வரி. புகையைத் திருப்பிச் சுழற்றிக் காற்றோடு கலந்து, ஆக்சிஜனைக் குறைத்து, ஆனால் கலவையைத் தானாகப் பற்றும் வெப்பத்திலேயே வைத்திருந்தால், எரிதல் ஒரு மெல்லிய பிரகாசமான தகடாக இல்லாமல் பரவலாக, மங்கலாக நடக்கும். உச்ச வெப்பநிலை இறங்கும், நைட்ரஜன் ஆக்சைடுகள் வெகுவாகக் குறையும். இதை ஜெர்மனியில் ஃப்ளாக்ஸ் என்றும் ஜப்பானில் ஹைடாக் என்றும் அழைத்தார்கள். மைல்ட் என்ற பெயருக்கு இத்தாலியின் கவாலியேரேயும் டி ஜோவானோனும் 2004-ல் ஒரு வரையறை கொடுத்தார்கள்: உள்ளே வரும் கலவையின் வெப்பநிலை தானாகப் பற்றும் வெப்பநிலையைவிட அதிகமாக இருக்க வேண்டும், எரிவதால் ஏறும் வெப்பநிலை அந்தப் பற்றும் வெப்பநிலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையை நினைவில் வையுங்கள், பிழையைக் கணக்கிடும்போது அது தேவைப்படும்.

நாம் எடுக்கும் சுடர் அடிலெய்ட் பர்னரில் எரிவது. டாலி, கார்பெட்டிஸ், பார்லோ மூவரும் 2002-ல் வெளியிட்ட அளவீடுகள். லேசர் கொண்டு ராமன், ரேலி, ஒளிர்வு முறைகளில் வெப்பநிலையையும் முக்கிய வாயுக்களையும் ஓஎச் (ஹைட்ராக்சில் என்ற தீவிரத் துகள்), நைட்ரிக் ஆக்சைடு ஆகியவற்றையும் புள்ளி புள்ளியாக அளந்தது அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில். நடுவில் 4.25 மி.மீ. உள்விட்டமுள்ள எரிபொருள் குழாய். அதைச் சுற்றி 82 மி.மீ. விட்டமுள்ள வளையத்தில் 1300 கெல்வினில் சூடான, ஆக்சிஜன் குறைந்த வாயு நொடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் மேலே வருகிறது. இதை இணையோட்டம் என்போம். அதற்கும் வெளியே காற்றுச் சுரங்கத்தின் சாதாரணக் காற்று, அதே வேகத்தில். எரிபொருள் மீத்தேனும் ஹைட்ரஜனும் சம கனஅளவில், ஜெட்டின் ரேனால்ட்ஸ் எண் ஏறக்குறைய 10,000. இணையோட்டத்தின் ஆக்சிஜன் நிறைப்படி 3, 6, 9 சதவீதம் என மூன்று சுடர்கள்: எச்எம்1, எச்எம்2, எச்எம்3. மூன்றிலும் நீராவி 6.5 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 5.5 சதவீதம், மீதி நைட்ரஜன். எரிதல் மாடல்களுக்கு இதைவிடக் கறாரான பரீட்சை கிடைப்பது அரிது, குறிப்பாக எச்எம்1.

முதல் தவறு இங்கேயே, இன்லெட் பெட்டியில் எண்களைத் தட்டும்போதே நடந்துவிடுகிறது. எரிபொருள் சம கனஅளவு, அதாவது மோல் கணக்கில் பாதிப் பாதி. சால்வர், அதாவது கணக்குப் போடும் மென்பொருள், கேட்பதோ நிறைப்பின்னம். மீத்தேனின் மூலக்கூறு நிறை 16, ஹைட்ரஜனுக்கு 2. ஆகவே சரியான மதிப்பு மீத்தேன் 0.888, ஹைட்ரஜன் 0.112. பெட்டியில் 0.5, 0.5 என்று போட்டவருடைய எரிபொருளில் மோல் கணக்கில் 89 சதவீதம் ஹைட்ரஜன் இருக்கும். ரன் ஒழுங்காகக் கன்வெர்ஜ் ஆகும் (விடை மாறாமல் நிலைக்கும்), எச்சரிக்கை எதுவும் வராது, சுடர் மட்டும் வேறு சுடர். இணையோட்டத்தில் இதே தவறு எதிர்த்திசையில் நடக்கிறது: 3 சதவீதம் என்பது நிறைப்படி, மோல் கணக்கில் அது சுமார் 2.6 சதவீதம். 3-ஐ மோல் பின்னமாகக் கொடுத்தால் ஆக்சிஜனை ஏழில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்ததாக ஆகும். எச்எம்1-ல் ஏறும் வெப்பமே கொஞ்சம்தான். அதில் ஏழில் ஒரு பங்கு என்பது மாடல்களுக்கு இடையே தெரியும் வித்தியாசத்தின் அளவுக்கு வந்துவிடும்.

இனி, எல்லாவற்றுக்கும் அடிப்படையான கணக்கு. எரிபொருளும் ஆக்சிஜனும் இரண்டும் மீதமில்லாமல் தீரும் கலவை எந்த இடத்தில் இருக்கிறது? ஒரு மோல் மீத்தேனுக்கு 2 மோல் ஆக்சிஜன், ஒரு மோல் ஹைட்ரஜனுக்கு அரை மோல். 18 கிராம் எரிபொருளுக்கு 80 கிராம் ஆக்சிஜன். ஒரு கிராமுக்கு 4.43 கிராம். இணையோட்டத்தில் ஆக்சிஜன் 0.03 என்றால், சமவிகிதக் கலவைப் பின்னம், அதாவது அந்த இடத்து வாயுவில் எரிபொருள் ஓட்டத்திலிருந்து வந்த நிறையின் பங்கு, 0.03-ஐ 4.46-ஆல் வகுத்தது: 0.0067. எச்எம்2-க்கு 0.0134, எச்எம்3-க்கு 0.0199. இதே எரிபொருள் சாதாரணக் காற்றில் எரிந்தால் 0.05-க்கு மிக அருகில். அதாவது எச்எம்1-ல் சுடர் நிற்கும் இடத்தில் ஆயிரம் பங்கு வாயுவில் ஏழு பங்குகூட எரிபொருளிலிருந்து வந்ததில்லை. தானாகப் பற்றுதல் தொடங்குவது இன்னும் வெளியே, அதைவிட மெலிந்த கலவையில். சூடு அங்கேதான் அதிகம்.

படத்தில் பார்த்தால், ஜெட்டின் நடுவில் நொடிக்குச் சுமார் 70 மீட்டர் வேகம், பெரிய வேகச் சரிவு, கொழுத்த கொந்தளிப்பு. எரிதல் நடப்பது அங்கே இல்லை. ஜெட்டின் கலவை அடுக்கு இணையோட்டத்துக்குள் கரைந்து போகும் கடைசி விளிம்பில், இணையோட்டத்தின் வேகமும் சூடும் கொந்தளிப்பும் கிட்டத்தட்ட மாறாமல் இருக்கும் இடத்தில் நடக்கிறது. இதனால்தான் இன்லெட்டில் இணையோட்டத்துக்கு நீங்கள் கொடுக்கும் கொந்தளிப்பு மதிப்பு எரிதல் மாடலின் கையைப் பிடித்து இழுக்கிறது. சாதாரண ஜெட் சுடர்களில் பழகியவர்கள் இணையோட்டத்துக்கு ஒரு 5 சதவீதத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அங்கே அது பொறுக்கும், இங்கே பொறுக்காது.

எவ்வளவு பொறுக்காது என்பதை எண்ணிலேயே பார்த்துவிடலாம். இடிசி, அதாவது எடி டிஸ்ஸிபேஷன் கான்செப்ட், செல்லுக்குள் எரிதல் நடக்கும் நுண்கட்டமைப்பின் பங்கை ஒரு சூத்திரத்தால் சொல்கிறது: 2.1377 என்ற மாறிலியை, கொந்தளிப்பு ரேனால்ட்ஸ் எண்ணின் நான்காம் மூலத்தால் வகுக்க வேண்டும். அந்த ரேனால்ட்ஸ் எண் என்பது கொந்தளிப்பு ஆற்றலின் வர்க்கத்தை, வாயுவின் இயக்கப் பாகுநிலையும் எப்சிலானும் (கொந்தளிப்பு ஆற்றல் கரையும் வீதம்) சேர்ந்த பெருக்கத்தால் வகுத்தது. 1300 கெல்வினில் இந்த வாயுவின் அடர்த்தி கன மீட்டருக்கு 0.26 கிலோ, இயக்கப் பாகுநிலை நொடிக்கு ஏறக்குறைய 0.00019 சதுர மீட்டர். அறை வெப்பக் காற்றைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். வேகம் 3.2, கொந்தளிப்புச் செறிவு 5 சதவீதம், நீள அளவு 5 மி.மீ. என்று வையுங்கள். கொந்தளிப்பு ஆற்றல் 0.038, எப்சிலான் 0.25, ரேனால்ட்ஸ் எண் 32. நுண்கட்டமைப்பின் நீளப் பங்கு 0.90. இப்போது செறிவை 5-லிருந்து 3 சதவீதமாக இறக்குங்கள். ரேனால்ட்ஸ் எண் 19-க்கு வந்துவிடுகிறது, பங்கு 1-ஐத் தாண்டிவிடுகிறது. எல்லை 21, மாறிலியின் நான்காம் படி அதுதான். இந்த எல்லைக்குக் கீழே மாடலுக்குப் பொருளே இல்லை. சால்வர் சத்தமில்லாமல் மதிப்பை வெட்டி 1-க்குச் சற்றுக் கீழே நிறுத்திவிடும். எதிர்வினை வீதச் சூத்திரத்தின் கீழ்ப்பகுதியில் 'ஒன்றிலிருந்து பங்கின் கனத்தைக் கழி' என்று இருப்பதால், பங்கு 1-ஐ நெருங்க நெருங்க வீதம் எகிறும்.

ஆகவே இடிசி ரன் முடிந்ததும் முதலில் வரைய வேண்டியது வெப்பநிலையை அல்ல, இந்தக் கொந்தளிப்பு ரேனால்ட்ஸ் எண்ணை. ஒரு கஸ்டம் ஃபீல்டு எழுதி, 21-க்குக் கீழே உள்ள செல்களைச் சிவப்பாக்கி, அதன் மேல் சமவிகிதக் கலவைக் கோட்டை ஓட்டிப் பாருங்கள். கோடு சிவப்புக்குள் போகிறது என்றால், அங்கே வருவது இடிசியின் கணிப்பு அல்ல, வெட்டப்பட்ட எண்ணின் கணிப்பு. ஐந்து நிமிட வேலை.

இணையோட்டத்தின் கொந்தளிப்பை எப்படித் தீர்மானிப்பது? நேரடி அளவீடு கையில் இல்லாதபோது ஒரே எண்ணை நம்பக் கூடாது. செறிவு 3, 5, 8 சதவீதம், நீள அளவு 2 மற்றும் 5 மி.மீ. என்று ஒரு சிறு அட்டவணை போட்டு, ஒரே ஒரு மாடலில் ஆறு ரன் ஓட்டி, 30, 60, 120 மி.மீ. உயரங்களில் உச்ச வெப்பநிலை எவ்வளவு அலைகிறது என்று குறித்துவையுங்கள். அந்த அலைவுதான் உங்கள் அளவுகோல். அதைவிடச் சிறிய வித்தியாசத்தை வைத்து இரண்டு மாடல்களைத் தரம் பிரிக்க முடியாது. இன்லெட்டைத் தொலைவில் வைத்தால் கொந்தளிப்பு வழியிலேயே சிதைந்துவிடும் என்பதையும் கவனியுங்கள். நீங்கள் பெட்டியில் கொடுத்த 5 சதவீதம் ஜெட் முனைக்கு வரும்போது 5 ஆக இருக்காது. முனைத் தளத்தில் என்ன மிச்சமிருக்கிறது என்று அளந்து அதையே அறிக்கையில் எழுதுங்கள்.

எரிபொருள் பக்கம் எளிது. குழாயை மட்டும் தனியாக நூறு விட்ட நீளத்துக்கு, 425 மி.மீ., ஓட்டி முழுதாக வளர்ந்த ஓட்டத்தின் வேகத்தையும் கொந்தளிப்பையும் எடுத்து முனையில் கொடுத்துவிடலாம். தட்டையான வேகம் கொடுக்க வேண்டாம். குழாய்ச் சுவரின் தடிமனையும் மெஷ்ஷில் விட்டுவிடக் கூடாது; முனைக்கு மேலே உருவாகும் சிறு சுழல் அதைப் பொறுத்தது.

இணையோட்டத்தின் வெப்பநிலை 1300 என்று தாள்களில் இருக்கும். அது நடுப்பகுதியின் மதிப்பு. உள்குழாயை ஒட்டியும் வெளிச் சுவரை ஒட்டியும் வெப்பம் இழக்கப்படுகிறது, ஆக்சிஜனும் ஒரே சீராக இல்லை. முனைக்கு 4 மி.மீ. மேலே எடுத்த அளவீடு இருக்கிறது. அதை வைத்து ஆரம் வாரியாக வெப்பநிலை, ஆக்சிஜன், நீராவி மூன்றையும் இன்லெட்டில் கொடுப்பது தட்டையான 1300-ஐவிட எவ்வளவோ மேல். இமேயும் சீயும் 2011-ல் பெருஞ்சுழல் கணிப்பில் (பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிடும் முறை) இதே பர்னரை எடுத்துக்கொண்டபோது, இன்லெட்டின் கலவை விவரங்களுக்குச் சுடர் எவ்வளவு கூர்மையாகப் பதில் சொல்கிறது என்பதையே தலைப்பில் வைத்தார்கள். பற்றும் தாமதம் வெப்பநிலையோடு அடுக்குக்குறியாக மாறுவதால் 30 கெல்வின் இங்கே சின்ன விஷயமே அல்ல. பெர்க்லியின் காப்ரா பர்னரில் 1045 கெல்வின் இணையோட்டத்தில் தூக்கி நிற்கும் ஹைட்ரஜன் சுடரை ஆராய்ந்தவர்களும் இதே சுவரில்தான் முட்டினார்கள்: அளவீட்டின் வெப்பநிலைப் பிழைக்குள்ளேயே சுடரின் உயரம் பெரிதாக மாறிவிடுகிறது.

அடுத்தது கொந்தளிப்பு மாடல். வழக்கமான கே-எப்சிலான் (கொந்தளிப்பு ஆற்றலுக்கும் அது கரையும் வீதத்துக்கும் ஒவ்வொரு சமன்பாடு தீர்க்கும் மாடல்) வட்ட ஜெட்டை அளவுக்கு மீறி விரியவைக்கும், இது பழைய நோய். சி1 எப்சிலான் என்ற மாறிலியை 1.44-லிருந்து 1.6 ஆக்கினால் ஜெட் சரியான அகலத்துக்கு வருகிறது. கிறிஸ்டோவும் டாலியும் 2005-ல் இதே சுடர்களை எடுத்து ஒப்பிட்டபோது, ரியலைசபிள், ஆர்என்ஜி வகைகளைவிட இந்தத் திருத்திய வழக்கமான மாடலே நன்றாகப் பொருந்தியது. செய்ய வேண்டிய சோதனை இது: எரிதலைக் கவனிக்காமல் கலவைப் பின்னத்தின் ஆரப் பரவலை மட்டும் 30, 60, 120 மி.மீ. உயரங்களில் அளவீட்டோடு ஒப்பிடுங்கள். அது பொருந்தாத வரை எந்த எரிதல் மாடலையும் பற்றி வாய் திறக்கக் கூடாது. கலவைப் பின்னத்தை அளவீட்டாளர்கள் கையாண்ட, கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பில்ஜர் சூத்திரத்திலேயே கணக்கிடுங்கள். ஒருவர் பில்ஜர், மற்றவர் கார்பனை மட்டும் வைத்து என்றால், ஹைட்ரஜன் தனியாக விரவும் இந்தச் சுடரில் இரண்டும் ஒன்றாகாது.

ஹைட்ரஜன் தனியாக விரவுவதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். கொந்தளிப்பு எல்லாவற்றையும் ஒரே மாதிரி கலக்கிவிடும், மூலக்கூறு விரவலுக்கு இடமில்லை என்று பாடப்புத்தகம் சொல்லும். எரியும் அடுக்கு கொந்தளிப்புக் குறைந்த விளிம்பில் இருக்கும்போது அந்த வாதம் நிற்காது. ஹைட்ரஜன் மீத்தேனைவிட வேகமாக வெளியே நழுவி, சூடான இணையோட்டத்தை முதலில் தொட்டு, அங்கே முதலில் பற்றுகிறது. விரவலை எல்லா வாயுவுக்கும் ஒன்றாக வைத்தால் சுடரின் இடமும் மாறும், ஓஎச் அளவும் மாறும். ஃப்ளூயண்ட் மென்பொருளை ஓட்டுபவர் பல்கூறு விரவல் விருப்பத்தை இயக்கி, வாயுப் பண்புகளுக்கு இயக்கக் கோட்பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓபன்ஃபோம் என்ற மென்பொருளின் வழக்கமான ரியாக்டிங்ஃபோம் சால்வர் இயல்பில் எல்லா வாயுவுக்கும் ஒரே விரவல் மதிப்பையே பயன்படுத்துகிறது; பழைய வெளியீடுகளில் அதை மாற்ற சால்வருக்குள் கை வைக்க வேண்டும். கொந்தளிப்பு ஸ்மிட் எண்ணிலும் (கொந்தளிப்பால் உந்தமும் வாயுவும் பரவும் வேகங்களின் விகிதம்) இதே கதை: ஃப்ளூயண்ட்டில் இயல்பு 0.7, ஓபன்ஃபோமில் பெரும்பாலும் 1. ஃப்ளூயண்ட்டின் இடிசியையும் ஓபன்ஃபோமின் பிஏஎஸ்ஆர் என்ற இன்னொரு எரிதல் மாடலையும் ஒரே படத்தில் போட்டு இது நல்லது, அது மோசம் என்று சொல்பவர், தெரியாமலேயே இரண்டு விரவல் மாடல்களையும் சேர்த்து ஒப்பிட்டுவிட்டார்.

இவ்வளவும் பூட்டிய பிறகுதான் எரிதல் மாடல்.

இடிசி என்று எழுதினால் போதாது, எந்த இடிசி என்று எழுத வேண்டும். மாக்னுசனின் 1981 வடிவம், 1996 வடிவம், 2005 வடிவம் மூன்றிலும் சூத்திரத்தின் மேல், கீழ்ப் பகுதிகளில் வரும் அடுக்குக்குறிகள் வேறு: முறையே மூன்றும் மூன்றும், இரண்டும் மூன்றும், இரண்டும் இரண்டும். ஓபன்ஃபோமில் இவை ஆண்டின் பெயரிலேயே தேர்வுகளாக இருக்கின்றன. நான்காவதாக 2016 வடிவமும் இருக்கிறது, அதில் மாறிலிகள் செல்லுக்குச் செல் டாம்கோலர் எண்ணையும் (கலவைக் காலத்துக்கும் வேதிக் காலத்துக்கும் உள்ள விகிதம்) கொந்தளிப்பு ரேனால்ட்ஸ் எண்ணையும் பார்த்து மாறும். பரென்டேயும் அவர் குழுவும் முன்வைத்த வழி அது. நுண்கட்டமைப்பின் பங்கு 0.9 இருக்கும் இடத்தில் மூன்றாம் அடுக்கா, இரண்டாம் அடுக்கா என்பது பெரிய வித்தியாசம்: ஒன்றிலிருந்து 0.9-இன் கனத்தைக் கழித்தால் 0.27, வர்க்கத்தைக் கழித்தால் 0.19.

இயல்பு மாறிலிகளோடு, நீளத்துக்கு 2.1377, காலத்துக்கு 0.408, இடிசி இந்தச் சுடர்களைச் சீக்கிரம் பற்றவைத்து, மேலே போகப் போக அதிகம் சூடாக்கும். எச்எம்1-ல் 120 மி.மீ. உயரத்தில் இது அப்பட்டமாகத் தெரியும். நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 4.5 மி.மீ. குழாயில் இயற்கை வாயுவை வைத்து எரித்த இதே வகைச் சுடரிலும் இதையே கண்டார்கள். டேயும் ரூக்கார்ட்ஸ் குழுவினரும் 2011-ல் காலமாறிலியை 3.0 வரை ஏற்றியும் நீளமாறிலியை 1.0 வரை இறக்கியும் பார்த்து அளவீட்டுக்கு அருகில் வந்தார்கள். நீளமாறிலியைத் தொடாமல் காலமாறிலியை மட்டும் 1.5 வரை ஏற்றியவர்களும் உண்டு.

இந்த மாற்றம் என்ன செய்கிறது என்று தெரியாமல் எண்ணை நகலெடுக்கக் கூடாது. சுற்றுப்புறத்துக்கும் நுண்கட்டமைப்புக்கும் இடையிலான பரிமாற்றம், நீளமாறிலியின் வர்க்கத்தைக் காலமாறிலியால் வகுத்த அளவில் நடக்கிறது. இயல்பிலிருந்து 1.0, 3.0-க்குப் போனால் அந்த அளவு ஏறக்குறைய 34-ல் ஒரு பங்காகச் சுருங்கும். அதேசமயம் நுண்கட்டமைப்புக்குள் வாயு தங்கும் நேரம் ஏழு மடங்குக்கு மேல் நீள்வதால், உள்ளே எதிர்வினை முழுமையை நோக்கிப் போகும். இரண்டும் ஒன்றை ஒன்று எதிர்க்கின்றன. எச்எம்1-க்காகத் திருத்திய எண்ணை எச்எம்3-ல் அப்படியே போட்டால் எதிர்வினை அளவுக்கு மீறி மெதுவாகி, இருக்கும் சுடரே மங்கிவிடலாம். சோதனை இதுதான்: எச்எம்1-ல் மாறிலியைத் திருத்துங்கள்; எச்எம்2, எச்எம்3 இரண்டையும் தொடாமல் அதே எண்ணில் ஓட்டுங்கள். மூன்றிலும் தேறினால்தான் அது மாடல். ஒன்றில் மட்டும் தேறினால் அது வளைகோட்டைப் பொருத்தும் வேலை. மாறிலியை உள்ளூர் நிலையைப் பார்த்து மாற்றும் வடிவங்களை நாங்கள் விரும்புவது இந்தக் காரணத்துக்காகத்தான்.

பிஏஎஸ்ஆர், பகுதியளவு கலந்த உலை மாடல், யோசனையில் எளியது: வேதிக் காலம், கலவைக் காலம் இரண்டையும் கூட்டி, வேதிக் காலத்தை அதனால் வகுத்தால் செல்லில் எரியும் பங்கு கிடைக்கும். கலவைக் காலத்தை எப்படி எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓபன்ஃபோமின் வழக்கமான வடிவம் கொல்மகோரோவ் காலத்தை (மிகச் சிறு சுழல்களின் காலம்) போன்ற ஒன்றை எடுக்கிறது, ஆனால் மூலக்கூறுப் பாகுநிலைக்குப் பதில் கொந்தளிப்பும் சேர்ந்த பாகுநிலையைப் போட்டு. அதனால் காலம் பல மடங்கு நீள்கிறது. மேலே சிமிக்ஸ் என்ற ஒரு பெருக்கல் எண் வேறு. அதைத் திருப்பித் திருப்பி எந்த விடையையும் வரவழைக்கலாம். கலவைக் காலத்தைக் கலவைப் பின்னத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்தும் அதன் சிதைவு வீதத்திலிருந்தும் எடுக்கும் இயங்கு வடிவம் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். கூடுதலாக இரண்டு சமன்பாடு, அவ்வளவுதான். இந்த விளிம்பில் கலவைக் காலத்தை ஓட்டத்தின் கொந்தளிப்பிலிருந்து ஊகிப்பதைவிடக் கலவையின் ஏற்ற இறக்கத்திலிருந்தே படிப்பது நேர்மையான வழி.

ஃபிளேம்லெட் வகை மாடல்கள் (முன்பே கணக்கிட்ட மெல்லிய சுடர்களின் அட்டவணையிலிருந்து விடையை எடுப்பவை) விரைவானவை, அதனால் ஆசை வரும். ஆனால் ஒரு கலவைப் பின்னம் இரண்டு ஓட்டங்களுக்கு இடையிலான கலவையை மட்டுமே சொல்லும். இங்கே ஓட்டம் மூன்று: எரிபொருள், சூடான இணையோட்டம், குளிர்ந்த காற்று. முனையிலிருந்து சுமார் 100 மி.மீ. வரை வெளிக்காற்று உள்ளே வருவதில்லை, அதனால் இரண்டு ஓட்டமாக நடத்தலாம். அதற்கு மேலே 23 சதவீத ஆக்சிஜனுள்ள குளிர்காற்று நுழைந்ததும் அட்டவணை பொய் சொல்லத் தொடங்கும். நிலையான ஃபிளேம்லெட்டுக்குப் பற்றும் தாமதம் என்ற ஒன்றே கிடையாது. கலந்தால் எரிந்தது என்று எடுத்துக்கொள்ளும். கிறிஸ்டோவும் டாலியும் இந்த வகையைப் போதாது என்று ஒதுக்கியதற்கு இதுவே பின்னணி. இரண்டாவது கலவைப் பின்னமும் ஒரு முன்னேற்ற மாறியும் சேர்த்துக் கட்டிய அட்டவணைகள் வேறு தரம். அவற்றை இந்தத் தீர்ப்பில் சேர்க்கக் கூடாது.

நிகழ்தகவுப் பரவலையே கடத்தும் முறை, வேதியியலை மாடல் இல்லாமல் நேரடியாக நடத்துவதால் கொள்கையளவில் உயர்ந்தது. செலவு பெரிது. கலவை மாடலும் அதன் மாறிலியும், வழக்கமாக 2, தங்கள் முத்திரையைப் பதிக்கின்றன. ஒரு செல்லுக்குப் போதுமான துகள் இல்லாமல் ஓட்டினால் புள்ளியியல் இரைச்சலைப் பார்த்துச் சுடர் அலைகிறது என்று நினைத்துவிடுவீர்கள்.

வேதியியலைப் பொறுத்தவரை, மூன்று பரிமாண மெஷ்ஷைத் தொடும் முன் பூஜ்ய பரிமாண உலையில் ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுங்கள். இணையோட்டமும் எரிபொருளும் 0.001 முதல் 0.02 வரையான கலவைப் பின்னங்களில் கலந்தால் எந்த வெப்பநிலை வரும் என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் பற்றும் தாமதத்தைக் காணுங்கள். எது மிகக் குறைவோ அதைக் குறியுங்கள். விளிம்பில் வாயு நொடிக்கு 3.2 மீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது; 30 மி.மீ. உயரம் ஏற அதற்கு 9 மில்லிநொடி ஆகும். தாமதம் இதைவிட மிகக் குறைவென்றால் சுடர் முனைக்கு அருகிலேயே தொடங்க வேண்டும். நெருங்கி வந்தால் தூக்கி நிற்கும். ஜிஆர்ஐ 3.0 என்ற மீத்தேன் வேதித் தொகுப்பின் 53 வாயு, 325 வினையையும், கேஇஇ-58 போன்ற சிறு தொகுப்பையும் இந்த ஒரே சோதனையில் பக்கத்தில் வையுங்கள். இங்கே இரண்டும் ஒத்துப்போனால் சிறியதை வைத்தே மாடல்களை ஒப்பிடலாம், கணினி நேரம் மிச்சம். ஒத்துப்போகாவிட்டால் பிறகு சுடரில் தெரியும் வித்தியாசத்தை எரிதல் மாடலின் தலையில் கட்டக் கூடாது. ஒரு நுனி விவரம்: இணையோட்டத்தில் இம்மியளவு ஓஎச் சேர்த்தும் சேர்க்காமலும் ஓட்டிப் பாருங்கள். முன்னதாக எரிந்து வந்த வாயு அது. தாதுக்கள் நீக்கிய தண்ணீர்போல் தூய்மையாக வருவதில்லை.

வேதி அட்டவணையின் துல்லியத்தையும் கவனியுங்கள். ஃப்ளூயண்ட்டில், கணக்கிட்ட வேதி விடைகளைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் ஐசாட் முறையின் பிழை எல்லை இயல்பில் 0.001. பற்றுதலைத் தொடங்கும் தீவிரத் துகள்களின் அளவே அதைவிடச் சிறியது. 0.00001-க்கு இறக்குங்கள், பிறகு ஒருமுறை இன்னும் பத்தில் ஒன்றாக இறக்கி ஓஎச் மாறவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

ரன்னைத் தொடங்கும் விதமும் விடையை மாற்றும். பழக்கதோஷத்தில் ஒரு பகுதியில் 2000 கெல்வினைப் பூசிப் பற்றவைப்பார்கள். இந்தச் சுடருக்கு அது வேண்டாம். சூடான இணையோட்டமே பற்றவைக்கும். எதிர்வினையை நிறுத்தி, சூடான கலவையை முழுதாகக் கன்வெர்ஜ் ஆகவிட்டு, பிறகு வேதியியலைத் திறந்துவிடுங்கள். பூசித் தொடங்கினால், இயல்பில் தூக்கி நிற்க வேண்டிய சுடர் முனையிலேயே ஒட்டிக்கொண்டு அப்படியே நிலையான விடையாக உட்கார்ந்துவிடலாம். சந்தேகம் இருந்தால் இரண்டு வழியிலும் ஓட்டுங்கள். இரண்டு விடை வந்தால் அதையும் எழுதுங்கள், அதுவே அந்த மாடலைப் பற்றிய முக்கியமான செய்தி. எஞ்சிய பிழை இறங்குவதை மட்டும் பார்க்காமல், 60 மி.மீ. உயரத்தில் ஓஎச் உச்சத்தை ஒரு கண்காணிப்புப் புள்ளியாக வையுங்கள். வெப்பநிலை அடங்கிய பிறகும் அது நெடுநேரம் நகர்ந்துகொண்டிருக்கும்.

எதை வைத்து ஒப்பிடுவது? எச்எம்1-ல் வெப்பநிலையை மட்டும் வைத்தால் எல்லா மாடலும் நல்ல பிள்ளைதான். தொடங்குவதே 1300 கெல்வினில். இருக்கும் ஆக்சிஜன் முழுதும் எரிந்தாலும் ஏறுவது சுமார் 300 கெல்வின். 60 கெல்வின் தவறிய ஒருவர் 1400-க்கு 4 சதவீதப் பிழை என்று எழுதலாம், படிப்பவர் தலையாட்டிவிடுவார். ஏற்றத்தோடு ஒப்பிட்டால் அது ஐந்தில் ஒரு பங்கு. தொடக்கத்தில் சொன்ன வரையறையே ஏற்றத்தைப் பற்றியது, ஆகவே பிழையையும் ஏற்றத்தின் பங்காகவே கொடுங்கள். ஓஎச்சையும் கார்பன் மோனாக்சைடையும் கட்டாயம் சேருங்கள். மாடல்கள் பிரிவது அங்கேதான். ஆரத்துக்கு எதிராக வரைவதோடு நிறுத்தாமல் கலவைப் பின்னத்துக்கு எதிராகவும் வரையுங்கள். ஆர வரைபடத்தில் தவறி, கலவைப் பின்ன வரைபடத்தில் பொருந்தினால் குற்றம் ஓட்ட மாடலில். இரண்டிலும் தவறினால் எரிதல் மாடலில். அளவீட்டு சராசரி அடர்த்தி எடையிட்டதா, சாதாரணமானதா என்று பார்த்து, அதையே சால்வரிலிருந்தும் எடுங்கள்.

நைட்ரிக் ஆக்சைடைக் கணக்கிடுபவர்களுக்கு ஒன்று. 1800 கெல்வினுக்குக் கீழே வெப்ப வழி கிட்டத்தட்ட உறங்கிவிடும். எச்எம்1-ல் மிஞ்சுவது உடனடி வழி, நைட்ரஸ் ஆக்சைடு வழி, ஹைட்ரஜன் இருப்பதால் என்என்எச் என்ற இடைத்துகள் வழி. பிந்தைய கணக்கில் வெப்ப வழியையும் உடனடி வழியையும் மட்டும் டிக் செய்துவிட்டு, அளவீட்டைவிடக் குறைவாக வருகிறதே என்று எரிதல் மாடலைத் திருத்தப் போகக் கூடாது. இணையோட்டம் தன்னோடு கொண்டுவரும் நைட்ரிக் ஆக்சைடையும் இன்லெட்டில் கொடுத்திருக்க வேண்டும்.

கதிர்வீச்சு இந்தத் திறந்த, மெல்லிய சுடரில் சிறிது; ஒரு ரன்னில் இயக்கிப் பார்த்து வித்தியாசத்தைக் குறித்தால் போதும். மூடிய உலைக்குப் போகும்போது நிலைமை தலைகீழ். நெதர்லாந்தின் ஐமாய்டனில் 0.58 மெகாவாட் இயற்கை வாயு உலையில் செய்தது போன்ற சோதனைகளை எடுத்தால், சுவரின் வெப்பநிலையும் கதிர்வீச்சும் உள்ளே சுழலும் புகையின் அளவும்தான் முதல் மூன்று கேள்வி, எரிதல் மாடல் நான்காவது.

ஒப்பீட்டை ஓட்டும் வரிசை இப்படி இருந்தால் மறுபடி மறுபடி ஓட்ட வேண்டி வராது: பூஜ்ய பரிமாணப் பற்றும் தாமதம், குழாய் ஓட்டம், எதிர்வினை இல்லாத கலவை, இணையோட்டக் கொந்தளிப்பின் ஆறு ரன், வெப்பநிலையில் முப்பது கெல்வின் மேலும் கீழும் இரண்டு ரன், பல்கூறு விரவலோடும் இல்லாமலும் ஒவ்வொன்று, அதன் பிறகு எச்எம்1-ல் மாடல்கள், கடைசியில் எதையும் தொடாமல் எச்எம்2, எச்எம்3. அச்சுச் சமச்சீர் மெஷ்ஷில், ஜெட் ஆரத்துக்குள் பத்து செல், விளிம்பு அடுக்கில் அரை மி.மீ.க்கு மிகாத செல் என்று வைத்தால், சிறு வேதித் தொகுப்போடு இவற்றில் பெரும்பாலானவை ஒரு சாதாரண ஒர்க்ஸ்டேஷனிலேயே முடியும். ஒவ்வொரு கேஸ் ஃபோல்டரின் பெயரிலும் சி1 எப்சிலான், ஸ்மிட் எண், இணையோட்டச் செறிவு மூன்றையும் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு கோடு மட்டும் ஏன் விலகி நிற்கிறது என்று தேடும்போது, பெரும்பாலும் விடை அந்தப் பெயரிலேயே இருக்கும்.